வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில், கல்லில் நின்று தூண்டில் போடப் பழகுவது எப்படி?

மட்டுநகர் வாவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறேன். ஊரில், மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியிலும் பாலமீன்மடுப் பக்கமும் சின்ன வயதிலிருந்தே தூண்டில் போட்டவன். அங்கே வாவித் தண்ணீர், மணல் கரை, எங்கே பள்ளம் எங்கே மேடு என்று காலுக்கே தெரியும். இங்கே மரைன் டிரைவில் நடக்கும்போது கால்வாய் ரயில் பாலத்துக்குக் கீழால் போய்க் கடலில் விழுவதைப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பெரிய பெரிய கருங்கல். சில விடியற்காலைகளில் நாலைந்து பேர் நின்று போடுகிறார்கள். சில நாட்களில் கடல் அமைதியாக இருந்தும் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. எந்த நாளில் போவது, எந்தப் பக்கம் நிற்பது, என்ன மீன் எதிர்பார்க்கலாம்? கையில் இருப்பது ஏழடி றொட் (தூண்டில் கம்பு), சாதாரண தங்கூசி (நைலோன் நூல்), வாவிக்கு வாங்கிய சின்ன ஈயம். இதை வைத்துத் தொடங்கலாமா?

கல்லடுக்கு எழுதியது:

தம்பி, வாங்கோ. நல்ல கேள்வி, அதுவும் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆட்கள் ஏன் சில நாள் வருவதில்லை என்று யோசித்தீர்களே, அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் கொஞ்ச நாளைக்கு றொட்டை வீட்டில் வைத்துவிட்டு வெறும் கையோடு போய்ப் பாருங்கள். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. கையில் தூண்டில் இருந்தால் கண் நூலைத்தான் பார்க்கும், தண்ணீரைப் பார்க்காது.

கொழும்பில் கடலின் பெருக்கும் வற்றும் மிகக் குறைவு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூட இரண்டுக்கும் இடையே சுமார் 60, 70 சென்டிமீற்றர்தான். அட்டமிப் பக்கம் அதிலும் எவ்வளவோ குறைவு. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுகிற மாதிரி வற்றில் கரை விலகிப் போவதெல்லாம் இங்கே கிடையாது. அதனால் வெள்ளவத்தைக் கால்வாயின் வாயில் (கடலில் விழும் இடத்தில்) மீன் வருவதும் போவதும் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று மழை. மற்றது வாயில் குவிகிற மணல்.

வைகாசியில் சோழகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் புரட்டாசி வரைக்கும் கடல் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கால்வாயில் ஓட்டம் குறைந்த நேரம் பார்த்து அந்த மணல் வாயை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் தேங்கிக் கறுத்து மணக்கத் தொடங்கும். அப்புறம் ஒரு பெருமழை, அல்லது பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வந்து மணலை வெட்டி விடும். வெட்டியதும் முதலில் வருவது தேங்கிக் கிடந்த அழுக்கு. பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை, செத்த மீன், எல்லாம் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரில் மீனுக்கு மூச்சு விட ஒட்சிசன் இல்லை. அன்றைக்குத்தான் நீங்கள் ஆளில்லாத கல்லைப் பார்த்திருப்பீர்கள். அலை அமைதியாக இருந்தாலும் பழகினவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

மழை விட்டு இரண்டு, மூன்று நாள் போகட்டும். கறுப்பு வெளிறிப் பிளேன்டீ நிறத்துக்கு வரும். அப்போது கால்வாய்த் தண்ணீருக்கும் பச்சைக் கடலுக்கும் நடுவே ஒரு கோடு விழும். சாயம் போட்டுப் பிரித்த மாதிரி அவ்வளவு துலக்கமாக இருக்கும். நுரையும் சருகும் அந்தக் கோட்டிலேயே ஓடும். கால்வாய்க்குள் இருந்து மணலை மீன் குஞ்சும் றால் குஞ்சும் வெளியே வரும்போது பாரை மீனும் கட்டா மீனும் அந்தக் கோட்டின் கடல் பக்கத்தில்தான் நிற்கும். தூண்டில் விழ வேண்டிய இடம் அதுதான்.

சீலாக்காரன் எழுதியது:

கல்லடுக்கு அண்ணை சொல்கிற மணல் கதையை ஒப்புக்கொள்கிறேன். மழைதான் எல்லாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் லூர் (மீன் போலச் செய்த பொய் இரை) மட்டும் போடுகிறவன். ஜிக், பொப்பர் என்ற லூர்களுக்கு மீன் கண்ணால் பார்த்து அடிக்க வேண்டும். அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் மேற்குக் கரை அமைதி. மழையே இல்லாத கிழமைகளில், விடியும் நேரத்தோடு பெருக்கு ஒத்துவந்தால், தெளிந்த கடல் தண்ணீர் வாய்க்குள் ஏறும். அதோடு சேர்ந்து சூடை மீன் கூட்டம் கல்லோரம் வரும், அதற்குப் பின்னால் சீலாவும் பாரையும் வரும். பெருக்கு 60 சென்டிமீற்றர்தான் என்றாலும், ஒடுங்கின வாயில் அது இழுக்கிற இழுவை சின்னதில்லை. பெருக்கு நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அதனால் ஒரு நாள் விடியலோடு ஒத்துவந்தால் அதை ஒட்டிய சில நாட்களும் நல்லது. நேர அட்டவணை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

தளவாடம் பற்றி: ஏழடி காணாது. கல்லுக்கு மேலால் நூல் போக வேண்டும், மீனைக் கல்லுக்குள் ஓட விடாமல் தூக்கவும் வேண்டும். ஒன்பது, பத்து அடி எடுங்கள். பிரெய்ட் (பின்னல்) நூல் 20 அல்லது 30 இறாத்தல் தாங்குவது, அதன் முனையில் இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் அகலம்) நீளத்துக்கு 40 இறாத்தல் தங்கூசியை லீடராகக் கட்டுங்கள். பிரெய்ட் நூல் சிப்பி ஒட்டிய கல்லில் ஒருமுறை உரசினாலே போய்விடும், தடித்த தங்கூசி கொஞ்சம் தாங்கும். ஜிக் 20 முதல் 40 கிராம் வரை போதும்.

பாமன்கடை நானா எழுதியது:

தம்பிமாருக்கு ஸலாம். லூர் போடுகிறவரும் இரை போடுகிறவரும் ஒரே வாயில் நின்றாலும் வேறு வேறு மீனைத் தேடுகிறார்கள். அதனால்தான் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கிறது.

இரை போடப் போகிறார் என்றால் அந்த ஏழடி றொட்டையும் வீச வேண்டாம். பாலத்தை ஒட்டி உள்பக்கமாக, அலை அடிக்காத இடத்தில் மணலைக்குப் போடலாம். பாணைப் பிசைந்து சின்ன உருண்டை, சின்ன முள் (தூண்டில் கொக்கி), மிதப்பு. கை பழகும்.

செப்பலி மீன் வேண்டுமென்றால் இருட்டு வேண்டும். சிங்கள ஆட்கள் தம்பலயா என்று சொல்வது இதைத்தான், அங்கே கேட்டால் அந்தப் பெயரில் கேளுங்கள். மக்ரிபுக்குப் (சூரியன் மறையும் நேரத் தொழுகை) பிறகு கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும். உயிர் மணலைக் குஞ்சை மேல் உதட்டில் கோர்த்து, கல்லுக்கும் மணலுக்கும் நடுவே விழுகிற மாதிரிப் போட வேண்டும். பிடித்தவுடன் பொந்துக்கு ஓடும், முதல் இழுவையில் நூல் விட்டால் மீன் உங்களுக்கில்லை. கொடுவாவும் அதே குஞ்சுக்கு வரும், ஆனால் அது எப்போதாவதுதான்.

ஈயம்தான் இங்கே பெரிய செலவு. கல்லிடுக்கில் போய்ச் சிக்கும். நாங்கள் செய்வது இப்படி: பிரதான நூலில் ஒரு சுவிவல் (சுழலும் வளையம்), அதன் ஒரு வளையத்தில் முள் கட்டிய தடித்த தங்கூசி, இன்னொரு பக்கம் ஒரு சாண் மெல்லிய தங்கூசியில் ஈயம். ஈயம் சிக்கினால் மெல்லிய நூல் மட்டும் அறும், மீனும் முள்ளும் மிஞ்சும். ஈயத்துக்குப் பதிலாகக் கராஜில் கழித்துவிடும் பழைய ஸ்பார்க் பிளக்கையும் கட்டுகிறார்கள். கராஜ்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார். ஆனால் அறுந்தால் அது கடலில்தான் கிடக்கும், அதனால் நான் மணல் நிரப்பிய சின்னத் துணிப்பையைக் கட்டுகிறேன். தூரம் குறையும், பரவாயில்லை. இங்கே தூரம் தேவையில்லை.

வெண்மணல் எழுதியது:

மீன் கதை எல்லாம் நன்றாக இருக்கிறது. இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! தெஹிவளையில் வளர்ந்தவள், தம்பியோடு இதே கல்லில் நிற்கிறவள், அதனால் சொல்கிறேன்.

முதலில் ரயில். கல்லுக்குப் போவதென்றால் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். இரட்டைப் பாதை. கடல் இரைச்சலில் ரயில் வருவது காதில் விழாது, ஒரு ரயில் போகும்போது மறுபக்கத்து ரயிலை அது மறைத்துவிடும். பாலத்தின் மேலால் கால்வாயைத் தாண்டவே கூடாது, அங்கே ஒதுங்க இடமில்லை. மறுகரைக்குப் போக வேண்டுமா, திரும்பி மரைன் டிரைவுக்கு வந்து அந்தப் பாலத்தால் நடந்து போங்கள்.

அடுத்தது முதலை. சிரிக்க வேண்டாம். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் சுழியோடப் போனவர் ஒருவரை முதலை கொன்றது. அந்த நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரைக்கும் கடலில் இறங்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். உவர்நீர் முதலை கால்வாய்க்குள்ளும் போகும், கடலிலும் நீந்தும். வாய்க்குள் இறங்கி நின்று போடுவது, பிடித்த மீனைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பது, இருட்டில் தண்ணீரோரம் குந்தி மீன் வெட்டுவது, மூன்றும் வேண்டாம். நானா சொன்ன இரவு மீன்பிடிக்கு இது இன்னும் முக்கியம்.

கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், மழைக்குப் பிறகு இன்னும் அதிகம். கல்லில் காலைக் கிழித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்காதீர்கள். ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் வைத்தியரிடம் கால்வாய்த் தண்ணீர் பட்டதென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நாள் போய்விடும்.

கெளிறு மீனின் முள் குத்தினால் பச்சைத் தண்ணீரில் வைக்க வேண்டாம். பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 பாகை, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் கையை வைத்திருந்தால் விஷத்தின் வலி இறங்கும். சூட்டை நோகாத மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசியையும் கேளுங்கள். அவசரமென்றால் 1990, அம்புலன்ஸ் இலவசம்.

கல்லடுக்கு எழுதியது:

தங்கச்சி சொன்னது ஒவ்வொன்றும் சரி. இதோடு அலையையும் சேர்க்கிறேன். காற்றே இல்லாத நாளிலும் தூரத்துக் கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து சேரும். சித்திரை, வைகாசியில் இது அதிகம். பத்து நிமிடம் குளம் போலக் கிடக்கும், அப்புறம் வரிசையாக நாலைந்து பெரிய அலை வந்து கல்லை முழுக்கக் கழுவும். அதனால் போனவுடன் இருபது நிமிடமாவது மேலே நின்று பாருங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கல்லே காட்டும். காய்ந்த கல்லில் உப்புப் பூத்து வெளிறியிருக்கும், அலை ஏறின கல் கறுத்திருக்கும், அதற்கும் கீழே பச்சைப் பாசி. வெளிறிய கல்லில் நில்லுங்கள். மீன் சிக்கினாலும் கீழே இறங்கக் கூடாது. நீளப் பிடி வைத்த வலை கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அடுத்த அலை மீனைத் தூக்குகிற நேரம் பார்த்து இழுங்கள். கடலுக்கு முதுகு காட்டி முள் கட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

சோழகக் காலத்தில் இந்தக் கல்லில் நிற்பதையே நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நாலைந்து மாதமும் கால்வாய்க்குள் மணலை பிடித்தால் போதும்.

சீலாக்காரன் எழுதியது:

பங்குனி, சித்திரை, ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இடி வந்தால் றொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கல்லை விட்டு ஓடுங்கள். கார்பன் றொட் மின்னலுக்கு நல்ல கடத்தி. இதை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

மட்டுநகர் வாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கல்லடுக்கு அண்ணா சொன்னபடி வெறும் கையோடு போய் வந்தேன். போயா (பௌர்ணமி) விடுமுறை, காலை வேளை. பார்த்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாயில் மணல் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. தெற்குப் பக்கக் கல்லிலிருந்து மணல் நாக்கு மாதிரி நீண்டு, தண்ணீர் வடக்குப் பக்கக் கல்லை ஒட்டி ஒடுங்கி ஓடுகிறது. நிறம் மங்கிய பழுப்பு. வெளியே போனதும் நுரை வடக்கே பம்பலப்பிட்டிப் பக்கமாக வளைந்து போகிறது. கோடு தெரிந்தது, ஆனால் தெற்குப் பக்கத்தில்தான் கூர்மை. வடக்குப் பக்கத்தில் கலங்கி எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. கோட்டோரம் சின்ன மீன்கள் ஒரே திசையில் மூன்று, நாலு தடவை துள்ளின. நின்றிருந்த ஐயா ஒருவர் துள்ளல் வந்த பிறகு அங்கே போடாமல், அதற்கு முன்னால் போட்டு இழுத்தார். அவருக்கு ஒரு பாரை கிடைத்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.

கல்லடுக்கு எழுதியது:

தம்பி, இதைவிட நன்றாக யாரும் பார்க்க முடியாது. நீங்கள் பார்த்ததைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

நுரை வடக்கே வளைகிறது என்றால் அன்றைக்குக் கரையோர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. கால்வாய்த் தண்ணீரை அது வடக்கே சாய்க்கிறது. தெற்கிலிருந்து புதுக்கடல் தண்ணீர் வந்து மோதுவதால் அந்தப் பக்கம் கோடு கூர்மை. வடக்கில் இரண்டும் கலந்து பரவுகிறது. ஆகவே தெற்குக் கல்லில் நின்று, கோட்டுக்குச் சற்று வெளியே கடல் பக்கம் போட்டு, ஓட்டத்தோடு இரையைக் கோட்டுக்குள் போக விடுங்கள். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் சில நாள் ஓட்டம் திரும்பித் தெற்கே போகும், அப்போது எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று நிரந்தரமான பதில் இல்லை. வந்தவுடன் நுரையைப் பாருங்கள்.

ஒரே திசையில் துள்ளினால் கீழே ஏதோ துரத்துகிறது. நாலாபக்கமும் சும்மா துள்ளினால் அது மணலையின் விளையாட்டு. அந்த ஐயா முன்னால் போட்டது அதற்காகத்தான், துரத்துகிற மீன் துள்ளல் தெரிகிற நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும்.

போயா நாளில் போனதும் நல்லது. பௌர்ணமி என்பதால் பெருக்கும் வற்றும் அந்த நாட்களில் அதிகம், விடுமுறையும் கிடைக்கிறது. சீலாக்காரன் தம்பி சொன்ன இழுவையை அன்றைக்குத்தான் பார்க்கலாம், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் மழை கொட்டியிருந்தால் அட்டவணை எதுவும் உதவாது.

மட்டுநகர் வாவி எழுதியது:

நன்றி அண்ணா. இன்னொரு கேள்வி, வீட்டில் கேட்கிறார்கள். இங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா?

பாமன்கடை நானா எழுதியது:

நான் சாப்பிடுவது கடலிலிருந்து வருகிற பாரை, கட்டா, சீலா மட்டும், அதுவும் தெளிந்த நாளில் கோட்டுக்கு வெளியே பிடித்தது. கால்வாய்க்குள்ளேயே கிடக்கிற திலாப்பியா, கெளிறு, உள்பக்கத்து மணலை வேண்டாம். நகரத்து அழுக்கெல்லாம் அதில்தான் வருகிறது, கெளிறு சேற்றைக் கிளறித் தின்னும். பேத்தை மீனை எந்த இடத்தில் பிடித்தாலும் சாப்பிடக் கூடாது, சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

வெண்மணல் எழுதியது:

நானா, உங்கள் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பாரை கோட்டுக்கு வெளியே நின்றாலும் தின்பது கால்வாயிலிருந்து வருகிற குஞ்சைத்தானே? எங்கள் வீட்டில் இந்த வாயில் பிடித்த எதையும் சமைப்பதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியதைக் கையால் பொறுக்கினவள் நான். அதற்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உள்ளங்கை அளவுப் பாரையையாவது எல்லோரும் திரும்ப விட வேண்டும். அது இன்னும் வளர வேண்டிய மீன்.

பாமன்கடை நானா எழுதியது:

அது நியாயம் தங்கச்சி. குஞ்சுப் பாரையை விடுவதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. முள்ளின் நாக்கைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது லேசு. கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், மேலிருந்து எறியாமல் வலையில் வைத்து இறக்குங்கள். மற்றதில் அவரவர் விருப்பம், நான் தெளிந்த நாள் மீனைச் சாப்பிடுவேன்.

மட்டுநகர் வாவி எழுதியது:

வீட்டில் வெண்மணல் அக்காவின் பக்கம்தான், விடுவதென்றே முடிவு. பத்தடி றொட் வாங்கிவிட்டேன். முதலில் இரையா லூரா?

சீலாக்காரன் எழுதியது:

இரையில் தொடங்குங்கள், நான் லூர்காரன் என்றாலும் அதைத்தான் சொல்வேன். இரை போட்டால் தண்ணீர் எங்கே இழுக்கிறது, அடியில் எங்கே கல், எங்கே மணல் என்று ஈயம் சொல்லித் தரும். அது தெரியாமல் ஜிக் போட்டால் கல்லுக்குத்தான் காணிக்கை. திரும்ப விடுவதென்றால் ஜிக்கில் மூன்று முள் கொத்தைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள்.

இன்று காலையில் அந்தப் பக்கம் போனேன். பெக்கோ வந்து மணலை வெட்டுகிறார்கள், கறுப்புத் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. இரண்டு, மூன்று நாளைக்கு அங்கே வேலையில்லை. மழை இல்லாவிட்டால் ஞாயிறு விடிய தெற்குக் கல்லில் நிற்பேன், நீலத் தொப்பி. வாருங்கள், லீடர் முடிச்சைக் கையால் காட்டித் தருகிறேன்.